டீ வந்தால் கூட்டம் முடிந்தது

என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கட்சியின் மாநிலத் தலைவராக இருந்தார். இதைச் சொன்னதும் சிலர் மரியாதையாக நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். உட்காருங்கள், உட்காருங்கள். அவருக்குக் காரும் கிடையாது, காவலும் கிடையாது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் அடுத்தவர் மூக்கில் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, "இப்போ எப்படித் தெரியுது? இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, முன்னறையில் உயரமான முதுகு வைத்த நாற்காலியில் உட்கார்ந்து மாநிலத்தை நடத்துவார். மாநிலத்துக்கு அந்த விஷயம் தெரியாது.

முன்னறை என்றேன் பாருங்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். தலைவர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் மாநில அலுவலகம் என்று இந்தக் கட்சியில் ஒரு விதி. சொந்தமாக ஒரு கட்டடத்துக்கு வக்கில்லாதவர்கள் வேறு எப்படித்தான் விதி எழுதுவார்கள்? வீட்டிலேயே பெரிய அறை அது. தெருவைப் பார்த்த கதவு, இரண்டு ஜன்னல், நல்ல வெளிச்சம். கல்யாணமாகி வந்தபோது அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இந்த வீடு எனக்குப் பிடித்தது. பிறகு அதில் கொடி வந்தது, மேசை வந்தது, ஒரு டஜன் நாற்காலி வந்தது, வாசலில் கதவை விடப் பெரிய பெயர்ப்பலகை வந்தது. எங்கள் சாப்பாட்டு மேசை மாடிக்குப் போனது. "தற்காலிகம்தான்" என்றார். அப்போது எங்கள் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

தலைநகரத்தில் இது பெரிய கட்சியாம். அங்கே ஆண்டிருக்கிறார்கள், திரும்ப ஆளுவோம் என்கிறார்கள். எங்கள் மாநிலத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. முதல் தலைவர் ஒரு வக்கீல். முதல் தேர்தலில் கட்சி மூன்று இடம் ஜெயித்தது. ஜெயித்த மூவரும் ஆளுங்கட்சிக்குப் போனார்கள், அவர்களைத் திட்டி அறிக்கை விட்ட வக்கீல் மறுவாரமே பின்னாலேயே போனார். இரண்டாம் தலைவர் மரக்கடை முதலாளி. அவர் எதிர்க்கட்சிக்குப் போனார், போகும்போது கட்சியின் இரும்பு பீரோவையும் கொண்டுபோனார். மூன்றாம் தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். அவர் எங்கும் போகவில்லை. பேசினார். கூட்டம் கூட்டினால் வகுப்பு எடுப்பதாகவே நினைப்பு, கூட்டம் கலையவே கலையாது. பொறுக்க முடியாமல் செயற்குழு ஒரு விதி எழுதியது: டீ மேசைக்கு வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது. அந்த நிமிஷத்தில் எது எப்படி நிற்கிறதோ, அதுவே முடிவு. அதன்பின் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்த விதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி முதல்வர் வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த தலைவர் யார்? கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். கை காட்ட ஆள் தீர்ந்ததும், அன்றைக்கு வராதவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அன்று லென்ஸ் வாங்க வெளியூர் போயிருந்தார். லென்ஸ் பெட்டியோடு திரும்பி வந்தவருக்கு வாசலிலேயே மாலை போட்டார்கள். யாருக்கோ என்று இவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அன்றைக்கே நான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சர்க்கரைன்னு சொன்னியே, அது போதும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த தேர்தல்களை எங்கள் வீட்டில் சின்னத்தை வைத்துத்தான் சொல்வோம். வாங்கின ஓட்டு போதாமல் கட்சி எங்கள் மாநிலத்தில் அங்கீகாரம் இழந்துவிட்டதால், ஒவ்வொரு தேர்தலுக்கும் மற்றவர்கள் எடுத்தது போக மிச்சமிருக்கும் சின்னத்தைக் கொடுப்பார்கள். இவர்களும் ஆசையாக அந்தச் சாமானை மொத்தமாக வாங்கி, ஊரெல்லாம் கொடுக்கப் பார்ப்பார்கள். வாங்க ஆள் வராது. எல்லாம் என் வீட்டுக்குத் திரும்பும். குடைத் தேர்தலில் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். சீப்புத் தேர்தலில் என் அம்மா போய்ச் சேர்ந்தார். ஏணித் தேர்தலில் மகள் பெரிய பரீட்சை எழுதினாள். விசில் தேர்தலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் விசிலடித்து என் உயிரை எடுத்தன. வாளித் தேர்தலில் மகள் படிப்பு முடித்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சீப்புக்கும் வாளிக்கும் பஞ்சமில்லை. ஓட்டுக்குத்தான் பஞ்சம்.

தோற்ற பிறகு ஒரு சடங்கு உண்டு. தலைவர் ராஜினாமா செய்ய வேண்டும், செயற்குழு அதை ஏற்க மறுக்க வேண்டும். துணைத் தலைவர் அச்சகக்காரர். ராஜினாமா கடிதத்தை அவரே ஒரு கட்டு அச்சடித்து வைத்திருந்தார். "இத்தேர்தலின் முடிவுக்கு முழுப் பொறுப்பேற்று என் பதவியிலிருந்து விலகுகிறேன்" என்று இருக்கும், தேதி போட மட்டும் இடம் விட்டிருக்கும். என் வீட்டுக்காரர் எழுந்து, தொண்டையைக் கனைத்து அதை வாசிப்பார். "முடியாது! முடியாது!" என்று எல்லோரும் கத்துவார்கள். அச்சகக்காரர் கடிதத்தைப் பிடுங்கி, சர்ரென்று கிழிப்பார். காகிதத்தோடு பிறந்து வளர்ந்த கை, ஒரே இழுப்பில் நேராகக் கிழியும். அந்தச் சத்தம் சமையலறைக்குக் கேட்டதும் நான் டீத் தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். "அண்ணி கையால டீ குடிச்சா தோத்ததே தெரியலை" என்பார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு கப்பைக் கழுவுகிறவளுக்குத்தானே தெரியும்!

ஏன் இந்த மனுஷர் கட்சியை விட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன், சண்டை போட்டும் கேட்டிருக்கிறேன். ஆளுங்கட்சிக்காரர்களே கூப்பிட்டார்கள். "எல்லாரும் கிளம்பிட்டா கடைசியில விளக்கை யாரு அணைக்கிறது?" என்பார். நாய் வாலை நிமிர்த்தலாம், இவரை நிமிர்த்த முடியாது என்று விட்டுவிட்டேன். முன்னறையும் போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன், மகள் படிப்பை முடிக்கும் வரை.

அவள் படித்தது பிசியோதெரபி. கை கால் வராதவர்களை நடக்க வைக்கிற படிப்பு. அதற்கு ஓர் அறை வேண்டும், அதுவும் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்து. நடக்க முடியாதவர்களைப் பார்த்து "மாடிக்கு ஏறி வாங்க" என்று சொல்ல முடியுமா? தோளில் பெரிய பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வந்துகொண்டிருந்தாள். தூரத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்று அவளைக் கூப்பிட்டது. இரண்டு நாள் ரயில். "இங்க ஒரு ரூம் கிடைச்சா நான் ஏம்மா போறேன்?" என்றாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவள் போய்விட்டால் நான் யாருடன் சண்டை போடுவேன், யாருக்குச் சமைப்பேன்? இதை அவரிடம் அழுதே சொன்னேன். "இந்தத் தேர்தல் முடியட்டும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர் கொடுத்த ஒரே வாக்குறுதி அதுதான்.

அதற்கு முன்பும் நான் சும்மா இருக்கவில்லை. வாளித் தேர்தல் முடிந்து சடங்கு நடந்தபோதே ஒரு வேலை பார்த்தேன். டீ மேசைக்கு வந்தால் எது எப்படி நிற்கிறதோ அதுவே முடிவு, இல்லையா? கடிதத்தை வாசித்து முடித்ததும், கிழிப்பதற்கு முன்னால் டீயை வைத்துவிட்டால் ராஜினாமா ராஜினாமாதான். அலுவலகம் அடுத்த தலைவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். தட்டை ஏந்திக்கொண்டு திரைக்குப் பின்னால் பூனை மாதிரி நின்றேன். "விலகு" என்று அவர் சொன்னதும் பாய்ந்தேன். அதற்குள் அந்தப் பாவி அச்சகக்காரர், வாக்கியம் முடியும் முன்பே கிழித்துவிட்டார். "அண்ணிக்கு இன்னைக்கு என்ன அவசரம்?" என்று சிரித்தார் வேறு.

அதன்பின் வந்தது தலையணைத் தேர்தல்.

தலையணைச் சின்னம் என்றதும் நானே சிரித்தேன். இருந்த ஆட்களை வைத்துச் சில தொகுதியில் நிறுத்தினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத் தொகுதியில் நின்றவர் ஒரு கால்நடை மருத்துவர். மனுத் தாக்கல் செய்த மறுநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. பிரச்சாரமும் இல்லை, ஒன்றும் இல்லை, கட்டுப் போட்டு படுக்கையில் கிடந்தார். புதிதாகப் படம் எடுக்கவும் வழியில்லாமல், தலையணையில் சாய்ந்து படுத்திருக்கிற படத்தையே அச்சகக்காரர் போஸ்டரில் போட்டார். வீடு வீடாக வர முடியவில்லையே என்ற வருத்தத்தில், "நேரில் வந்து தொந்தரவு செய்யமாட்டோம்" என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார்.

அந்தத் தொகுதியில் இரண்டு பெரிய கட்சிக்கும் மானப் பிரச்சினை. விடிவதற்கு முன் ஒலிபெருக்கி ஆரம்பிக்குமாம். தெருவுக்கு நாலு, சந்துக்கு இரண்டு. குழந்தைகள் தூங்கவில்லை, நோயாளிகள் தூங்கவில்லை, நாய்கள்கூடக் குரைத்துக் களைத்துவிட்டனவாம். என் வீட்டுக்காரரும் மைக்கோடு பேசப் போனார். இரவல் வேன் பாலத்தில் படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். இன்னொரு நாள் போனார், அதே பாலம், அதே வேன். ஆக அந்தத் தொகுதியில் சத்தமே போடாத கட்சி எங்களுடையது ஒன்றுதான். தூங்காத கண்ணோடு ஓட்டுப் போடப் போன ஜனங்கள், அங்கே தலையணைப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் விடுவார்களா?

ஜெயித்துவிட்டோம்! ஒரு இடம். மற்ற எல்லா இடத்திலும் வழக்கம்போல. ஆனாலும் டிவியில் இவர் காலத்தில் முதல் தடவையாக எங்கள் கட்சிப் பெயர் 'மற்றவை' என்ற கட்டத்தை விட்டு வெளியே வந்தது. கடையில் இருந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து அழுதாராம். அழுத கண்ணோடு, கிட்டப் பார்வைக்காரருக்குத் தூரப் பார்வைக் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டார். அவர் அடுத்த கடைக் கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டு திரும்பி வந்தார்.

எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மகள் மாடியில் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, என்ன பண்றே?"

"அப்பா இப்பத்தான்மா வாழ்க்கையில மொத தடவை ஜெயிச்சிருக்காரு. இப்பப் போயி ரூமைக் காலி பண்ணுங்கன்னு கேக்க முடியுமா? ஆஸ்பத்திரிக்கு இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும். வரேன்னு சொல்லிடறேன்."

அவள் சொன்னதும் நியாயம்தான். தோற்றபோதே காலி பண்ணாதவர்கள், ஜெயித்த பிறகா காலி பண்ணப்போகிறார்கள்? பெட்டியைத் துடைத்த துணியைப் பிடுங்கி எறிந்தேன். அவள் வேறு துணியை எடுத்துக்கொண்டாள். அவளும் இவர் பெண்தானே.

செயற்குழு கூடியது. கால்நடை மருத்துவரும் ஊன்றுகோலோடு வந்தார். இந்தக் கூட்டத்துக்கு வந்ததிலேயே நல்ல மனுஷர் அவர்தான். செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி குமாஸ்தா, அவரைப் 'புள்ளிவிவரம்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு தேர்தலில் நூற்றுக்கு அரை ஓட்டு வாங்கி, அடுத்ததில் முக்கால் வாங்கினால், "அம்பது சதவீத வளர்ச்சி!" என்று அறிக்கை விடுகிற ஆள். இளைஞரணித் தலைவர் வந்தார், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு. பேரனை என்னிடம் விட்டுவிட்டு, இளைஞர் மூட்டுவலியோடு மெல்ல உட்கார்ந்தார். நான் சமையலறையில் டீயைக் கலந்து, திரைக்குப் பின்னால் நின்றேன். ராஜினாமா இருக்காது என்று தெரியும். பாராட்டுத்தான் இருக்கும், அதையாவது கேட்டுவைப்போம் என்று நின்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். எடுத்து, "இத்தேர்தலின் முடிவுக்கு முழுப் பொறுப்பேற்று என் பதவியிலிருந்து விலகுகிறேன்" என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

முடியாது என்று கத்தக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

"என்னங்க தலைவரே, ஜெயிச்சிருக்கோம்" என்றார் இளைஞரணி.

"தேர்தல் முடிஞ்சா வாசிக்கணும்ல? வாசிச்சேன்" என்றார் இவர்.

"பழக்க தோஷம், விடுங்க" என்று அச்சகக்காரர் சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கிழிக்க எடுத்தார். அப்போதுதான் புள்ளிவிவரம் குறுக்கே கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க. இதுல என்ன எழுதியிருக்கு? முடிவுக்கு முழுப் பொறுப்புன்னு. முடிவு என்ன? வெற்றி. இதைக் கிழிச்சா, வெற்றிக்கு அவர் பொறுப்பில்லைன்னு நாமளே சொன்ன மாதிரி ஆகும். ஏத்துக்கிட்டா, பொறுப்பு அவர்தான், ஆனா பதவி போயிடும்."

அச்சகக்காரர் கை அப்படியே நின்றது. இருபது வருஷத்தில் அந்தக் கை நின்று நான் பார்த்ததில்லை.

"வெற்றிக்குப் பொறுப்பு என் போஸ்டர்" என்றார் அச்சகக்காரர், மெதுவாக.

"இளைஞரணி ராப்பகலா உழைச்சுது" என்றார் முழங்கால் மூட்டைத் தடவிக்கொண்டே இளைஞரணித் தலைவர்.

"நான் சும்மா படுத்திருந்தேங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் கால்நடை மருத்துவர்.

புள்ளிவிவரம் கண்ணாடியை மாட்டினார். அந்தக் கண்ணாடி என் வீட்டுக்காரர் அவருக்குச் சும்மா போட்டுக்கொடுத்தது. "உண்மையைச் சொல்லணும்னா, நான் ஒரு ஆய்வு பண்ணிருக்கேன். தலைவர் ரெண்டு தடவை பேசின தொகுதியில போன முறையை விட ஓட்டுப் பாதியாயிடுச்சு. ஒரு தடவை பேசின தொகுதியில கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. போகவே போகாத தொகுதியில ஜெயிச்சிருக்கோம். அதனால தலைவருக்கும் இதுல பங்கு உண்டு. வராம இருந்தாரு."

சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். இளைஞரணி மேசையைத் தட்டிச் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரிக்கப் பார்த்தார். திரை இடுக்கில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ தேர்தலில் தோற்றுவிட்டு வந்த முகத்தையெல்லாம் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நன்றி கெட்டவர்களா! உங்கள் கட்சி அனாதையாகக் கிடந்தபோது என் வீட்டில் இடம் கொடுத்த மனுஷரைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்? கையில் டீத் தட்டு. கடிதம் கிழியாமல் மேசையில் கிடக்கிறது. நாலு எட்டு வைத்தால் போதும், நான் இத்தனை நாள் கேட்ட அறை என் மகளுக்கு. கடவுளே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஒரு நேரம். ஆனால் இவர்கள் சிரிக்கிற சிரிப்போடு அவரை அந்த நாற்காலியிலிருந்து இறக்க எனக்குக் கால் எழவில்லை. அறையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், முதலில் உள்ளே போய் இந்தப் புள்ளிவிவரத்தின் தலையில் டீயைக் கொட்டலாமா என்றுதான் நினைத்தேன். அசையாமல் நின்றேன்.

அப்போது என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்ன அங்கேயே நிக்கிறே? டீ ஆறுது பாரு. கொண்டா."

இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் அவர் டீ கேட்டதே இல்லை.

அவர்களுக்கு அது புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. முதலில் புரிந்தது அச்சகக்காரருக்கு. சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அய்யய்யோ, தலைவரே, வெளையாட்டுக்குச் சொன்னோம்!" என்று கடிதத்தின் மேல் பாய்ந்தார். பாய்ந்து கிழிக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, வராதீங்க! அங்கேயே நில்லுங்க!" என்று இளைஞரணி கத்தியது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணைச் சிமிட்டி, வா என்றார்.

போனேன். நடுமேசையில் டமால் என்று வைத்தேன். நாலு கப் சிந்தியது.

கடிதம் பாதி கிழிந்து, பாதி கிழியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கிழிந்ததாகக் கணக்கா, கிழியாததாகக் கணக்கா? எல்லோரும் புள்ளிவிவரத்தைப் பார்த்தார்கள். டீ வந்த பிறகு பேசக் கூடாது என்பதால் அவர் சைகையிலேயே ஓர் அடிஸ்கேல் கேட்டு வாங்கி, அளந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். "நாற்பது சதவீதம்தான் கிழிந்துள்ளது. பெரும்பான்மை இல்லை."

ராஜினாமா நிறைவேறிவிட்டது. யாரும் ஒரு வார்த்தை பேசாமல் டீயைக் குடித்தார்கள். அச்சகக்காரர் மட்டும் குடிக்கவில்லை. கப்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை நான் திட்டியதெல்லாம் வாபஸ்.

அடுத்த தலைவர் யார் என்பதில் சண்டை இல்லை. ஜெயித்தவர் ஒருவர்தானே இருக்கிறார்? அவரும் அடுத்த கூட்டத்துக்கு, கட்டு மாற்றும் நாள் என்பதால், வரவில்லை. வராதவரைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தக் கட்சியின் ராசி. கொடி, மேசை, நாற்காலி எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயின. அதே வேனில் ஏற்றினார்கள், அதே பாலத்தில் அது நின்றது. வாசல் பலகையை என் வீட்டுக்காரரே கழற்றினார். ஏணித் தேர்தலில் மிஞ்சிய ஏணியில் ஏறித்தான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாக இருந்தது.

கால்நடை மருத்துவரின் மனைவி ஒரு நாள் போன் பண்ணினார். "அக்கா, எத்தனை கப் போடுவீங்க? எப்ப உள்ள கொண்டு போகணும்?" என்று கேட்டார். பாவமாகத்தான் இருந்தது. விதியை விவரமாகச் சொல்லிக்கொடுத்தேன். "அது பெரிய அதிகாரம், பாத்து உபயோகப்படுத்துங்க" என்றேன்.

அறைக்கு வெள்ளை அடித்தோம். மகள் ஒரு கட்டில் போட்டாள், பிடித்து நடக்கக் கம்பிகள் பொருத்தினாள். மிஞ்சிப்போன தலையணைகள் ஒரு மூட்டை கிடந்தன, எல்லாம் அவளுக்கு உதவின. முழங்காலுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. எங்கள் கட்சி வாங்கிய சாமான் ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. முதலில் வந்த நோயாளி புது மாநிலத் தலைவர். காலை மடக்கி நீட்டச் சொல்லி மகள் அதட்டினாள், ஆளுங்கட்சியே அவரை அப்படி அதட்டியதில்லை.

அவர் போன பிறகு, என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார்ந்து அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்த நாளில் பார்த்த அதே வெளிச்சம். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குப் பழக்கத்துல வாசிச்சீங்களா, தெரிஞ்சுதான் வாசிச்சீங்களா?"

"இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறேன். மாடியில பெட்டியை இறக்கி வெச்சிருந்தா எனக்குத் தெரியாதா?"

"அவனுங்க சிரிச்சாங்களே" என்றேன்.

"சிரிக்கட்டுமே. எனக்கு ஓட்டுப் போட்டவங்களைவிட என்னைப் பாத்துச் சிரிச்சவங்கதான் ஜாஸ்தி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதிட்டாளா?"

"எழுதிட்டா. வரலைன்னு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறையை ஒரு முறை பார்த்தார், பிறகு அந்தக் கோடியில் கட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"அப்ப கட்சி ஜெயிச்சது ஒரு இடம். நான் ஜெயிச்சது ரெண்டு" என்றார்.

நான் எழுந்து போய் டீ கொண்டுவந்தேன். அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது அல்லவா, பேசாமல் குடித்தோம்.